20 லட்சத்துக்குப் போன பையன்

பொங்கல் லீவு முடிஞ்சு திரும்பவும் ஓஎம்ஆர் வந்தாச்சு. ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி மைக்கை ஆன் பண்றேன்னா விஷயம் சூடு ஆறலைன்னு அர்த்தம். மூணு நாளா எங்க ஊர் பெரணமல்லூர்ல, எங்க வீட்டுல, ஒரே சண்டை. சொத்துச் சண்டை இல்லை, பயப்படாதீங்க. சிஎஸ்கே யாரை எடுத்திருக்கணும், யாரை விட்டுட்டாங்க, அதான்.

பெரணமல்லூர் எங்க இருக்குன்னு கேக்கறவங்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டம், ஆரணிப் பக்கம். ஆரணிப் பட்டுன்னு நீங்க கேள்விப்பட்டிருப்பீங்களே, அந்தச் சேலை நெய்யற வட்டாரம். எங்க சித்தப்பா நெசவாளி. வீட்டு முன்கூடத்துல தறி. பொங்கலுக்குத் தறி ஓடாது, வாய் மட்டும்தான் ஓடும்.

கிரிக்கெட் பக்கம் வராதவங்களுக்காக ஒரு நிமிஷக் கதை. 2025 நவம்பர்ல சிஎஸ்கே ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துட்டு சஞ்சு சாம்சனை வாங்கினாங்க. ஜடேஜா 2012லேர்ந்து மஞ்சள் சட்டை போட்டவர், நடுவுல அந்த ரெண்டு தடை வருஷத்தைக் கழிச்சுக்கங்க. அடுத்த மாசம் அபுதாபியில ஏலம். பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா, ரெண்டு பேரும் இன்னும் இந்தியாவுக்கு ஆடாத பசங்க, ஆளுக்கு 14.2 கோடி. ஒருத்தர் உத்தரப் பிரதேசம், இன்னொருத்தர் ராஜஸ்தான்.

இதுல எங்க மச்சான், அதாவது அத்தை பையன், கொதிச்சுப் போய் உக்காந்திருந்தான். "28 கோடியே 40 லட்சம்டா. 20 லட்சத்துக்கு வீட்டு வாசல்ல நின்ன பையனை விட்டுட்டு, இப்ப 28 கோடிக்கு ஊர் ஊரா தேடறானுங்க." வாசல்ல நின்ன பையன் யாருன்னு உங்களுக்கே தெரியும். சாய் சுதர்சன்.

இந்த வாதத்தை நீங்களும் பத்து தடவை கேட்டிருப்பீங்க, நானும் கேட்டிருக்கேன். இந்தத் தடவை பஸ்ஸுல திரும்பி வர்றப்போ உக்காந்து கொஞ்சம் ஒழுங்கா யோசிச்சேன். ப்ரொடக்‌ஷன்ல ஒரு பக் வந்தா நாங்க என்ன பண்ணுவோம்? யார் தப்புன்னு கத்தறதுக்கு முன்னாடி லாகை எடுத்துப் பார்ப்போம். அந்த நிமிஷத்துல சிஸ்டத்துக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுன்னு பார்ப்போம். அப்படி ஒரு தடவை பார்ப்போமே.

2022 பிப்ரவரி 12, 13. பெங்களூருல மெகா ஏலம். ஏலம் விடறவர் ஹியூ எட்மீட்ஸ் முதல் நாளே மேடையில மயங்கி விழுந்து, சாரு சர்மா ஓடி வந்து சுத்தியலை எடுத்தாரே, அந்த ஏலம். ஒவ்வொரு டீமுக்கும் மொத்தம் 90 கோடி. சிஎஸ்கே ஏற்கெனவே நாலு பேரைத் தக்க வச்சிருந்தாங்க: ஜடேஜா 16, தோனி 12, மொயின் அலி 8, ருதுராஜ் 6. ஆக 42 கோடி போச்சு, கையில 48. அதுல தீபக் சாஹருக்கே 14 கோடி. ராயுடு 6.75, பிராவோ 4.4, துபே 4. டெவன் கான்வே வெறும் 1 கோடிக்கு வந்தார், ஐபிஎல் சரித்திரத்துலயே நல்ல பேரங்கள்ல அது ஒண்ணு.

இப்ப சாய் சுதர்சன் பக்கம். வயசு 20. 2021 டிஎன்பிஎல்ல கோவை கிங்ஸுக்காக 8 மேட்ச்ல 358 ரன். முதல் ஆட்டத்துலயே சேலத்துக்கு எதிரா 43 பந்துல 87. அதுக்கப்புறம் தமிழ்நாடு டீம்ல சையத் முஷ்டாக் அலி கோப்பை. லாகுல இருந்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். குஜராத் அடிப்படை விலைக்கே, 20 லட்சத்துக்கு எடுத்தாங்க. பத்து டீம் மேசையில உக்காந்திருந்துச்சு, அந்த 20ஐத் தாண்டி ஏத்தி விட ஆள் இல்லை. இது மச்சான் பேசாம விடற பாயின்ட். சிஎஸ்கே மட்டும் இல்லை, இன்னும் எட்டு டீமும் விட்டுச்சு.

ஆனா மச்சானுக்கு ஒரு பதில் இருக்கு, அது நல்ல பதில். "மத்த எட்டு டீமுக்கும் அவன் ஒரு பேரு. நமக்கு அப்படியா? சேப்பாக்கத்துலேர்ந்து பார்த்தா தெரியற தூரத்துல வளர்ந்த பையன். அந்த 2021 டிஎன்பிஎல் மேட்சு எல்லாம் நம்ம கிரவுண்டுலயே நடந்துச்சு. அவனைப் பார்க்கக் காசு செலவே இல்லை." சரிதானே? அவர் அப்பா இந்தியாவுக்காகத் தெற்காசியப் போட்டியில ஓடின ஸ்பிரின்டர், அம்மா மாநில அளவுல வாலிபால் ஆடினவங்க. ஒளிஞ்சு கிடந்த குடும்பம் இல்லை.

இதுல ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? அதே ஏலத்துல, அதே 20 லட்சத்துக்கு, சிஎஸ்கே ஒரு தமிழ்நாட்டு இடதுகை ஓப்பனரை எடுக்கத்தான் செஞ்சாங்க. பேரு ஹரி நிஷாந்த். கூடவே ஜெகதீசன், அவரும் 20 லட்சம். அப்ப "நம்ம பசங்க பக்கமே திரும்பறதில்லை"ன்னு சொல்றது சரியா வரலை. திரும்பினாங்க, எடுத்தாங்க. வேற பையனை எடுத்தாங்க. அந்த சீசன்ல ஹரி நிஷாந்துக்கு ஒரு மேட்ச்கூட கிடைக்கலை.

இதைச் சொன்னதும் சித்தப்பா சிரிச்சார். "அதே தான்டா நானும் சொல்றேன். சாய் சுதர்சனை எடுத்திருந்தா மட்டும் இன்னா பண்ணியிருப்பானுங்க? தண்ணி பாட்டில் தூக்க வச்சிருப்பானுங்க." இந்த வீட்டுல அதிகம் பேசாதவர் அவர்தான். ஆனா பேசினா இப்படித்தான், நேரா நடு ஸ்டம்ப்.

யோசிச்சுப் பாருங்க. 2023ல சிஎஸ்கே ஓப்பனிங் யாரு? கான்வே, ருதுராஜ். கான்வே அந்த வருஷம் 672 ரன், ருதுராஜ் 590. மூணாவது இடத்துல ரஹானே வாழ்க்கையிலேயே ஆடாத ஆட்டம் ஆடிக்கிட்டிருந்தார். அந்த டீமுக்குள்ள 21 வயசுப் பையன் எங்க நுழையறது?

குஜராத்துல அவர் எப்படி நுழைஞ்சார்னு பாருங்க, சினிமாவுல வச்சா நம்ப மாட்டீங்க. 2022ல விஜய் சங்கருக்குக் காயம், அதனால அறிமுகம். 2023 முதல் மேட்ச், மார்ச் 31, அகமதாபாத், எதிர்ல சிஎஸ்கே. ருதுராஜ் தூக்கி அடிச்ச பந்தைப் பவுண்டரி கோட்டுல எகிறித் தடுக்கப் போய் கேன் வில்லியம்சன் முழங்கால் போச்சு, சீசனே போச்சு. அவருக்குப் பதிலா இம்பாக்ட் ப்ளேயரா இறங்கினது சாய் சுதர்சன். நம்ம கேப்டன் பின்னாடி ஆகப்போற ஆளு அடிச்ச ஷாட்டு, அந்தக் கதவைத் திறந்து விட்டுச்சு.

அந்தக் கதவு மே 29 ராத்திரி நம்ம மேலயே வந்து மோதுச்சு. ஃபைனல். 47 பந்துல 96. மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டு ஒரு மெட்ராஸ் பையன் அவுட் ஆகணும்னு வேண்டிக்கிட்ட ராத்திரி அது. குஜராத் 214. அப்புறம் மழை, 15 ஓவருக்கு 171, மணி ஒண்ணரை, கடைசி ரெண்டு பந்துல ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். அன்னிக்கு சிஎஸ்கே பதினொண்ணுல ஒரு தமிழ்நாட்டு ஆள் இல்லை. எங்க தெருவுல வெடி வெடிச்சாங்க. வெடிச்சவங்கள்ல மச்சானும் ஒருத்தன்.

2024ல சென்னைக்கு எதிரா 51 பந்துல 103. கில்லும் சதம், ரெண்டு பேரும் சேர்ந்து 210. அதே இன்னிங்ஸ்ல ஐபிஎல்ல 1000 ரன்னைத் தொட்டார், 25 இன்னிங்ஸ்ல, இந்தியர்கள்ல அதுவரைக்கும் அவ்வளவு வேகமா யாரும் தொடலை. 2025ல 759 ரன், ஆரஞ்சு கேப். அதே வருஷம் சிஎஸ்கே சரித்திரத்துல முதல் தடவையா கடைசி இடம். மச்சான் கோபத்துக்குக் காரணம் இல்லாம இல்லை.

ஆனா என் தீர்ப்பைக் கேட்டா, சாய் சுதர்சன் தப்பான கேஸ். சரியான கேஸ் இன்னொரு சாய். சாய் கிஷோர்.

சாய் சுதர்சன் வெளியில நின்னவர். சாய் கிஷோர் உள்ள இருந்தவர். 2020 ஏலத்துல 20 லட்சத்துக்கு சிஎஸ்கே எடுத்தாங்க, இடதுகை சுழல், சையத் முஷ்டாக் அலியில வரிசையா விக்கெட் எடுத்துட்டு வந்தவர். ரெண்டு சீசன் கூடவே வச்சிருந்தாங்க. எத்தனை மேட்ச் ஆடினார்? பூஜ்யம். இதுல 2020 எந்த வருஷம்னு ஞாபகம் இருக்கா? பிளேஆஃப் போகாம, ஏழாவது இடத்துல முடிச்ச வருஷம். தோத்துக்கிட்டே இருந்தப்பவும் ஒரு மேட்ச் கொடுத்துப் பார்க்கலை. சரி, அவருக்கு மட்டும் இல்லைன்னு சொல்லணும்னா, 2021ல 9.25 கோடி கொடுத்து வாங்கின கிருஷ்ணப்பா கவுதமும் ஒரு மேட்ச் ஆடலை. அது யாருக்கு ஆறுதலோ தெரியலை.

2022ல குஜராத் சாய் கிஷோருக்கு 3 கோடி கொடுத்தாங்க. முதல் வருஷமே கோப்பை, ஃபைனல்ல அவரும் ஆடினார். 2025ல 19 விக்கெட். "யாரை எடுத்திருக்கணும்"னு நாம சண்டை போடறோம், எடுத்து வச்சிருந்தவரை என்ன பண்ணாங்கன்னு யாரும் கேக்கறதில்லை. கோடு எழுதறவங்களுக்குப் புரியும். வேணுங்கற ஃபங்ஷன் ஏற்கெனவே ரெப்போல இருக்கும், எவனும் கூப்பிட மாட்டான்.

மச்சானோட அடுத்த கேஸ் அஸ்வின், 2018. இது கொஞ்சம் நுணுக்கமானது. தடை முடிஞ்சு வந்த சிஎஸ்கே மூணு பேரைத் தக்க வச்சாங்க: தோனி 15 கோடி, ரெய்னா 11, ஜடேஜா 7. அப்ப இருந்த விதிப்படி தக்க வைக்கிறது, ரைட் டு மேட்ச் ரெண்டும் சேர்த்து, இந்தியாவுக்கு ஆடினவங்க மூணு பேருக்கு மேல கூடாது. மூணும் முடிஞ்சது. அதனால அஸ்வின் பேர் வந்தப்போ ரைட் டு மேட்ச் கார்டு கையில இருந்தும் அவருக்குத் தூக்க முடியாது. அது டூப்ளெசிக்கும் பிராவோவுக்கும்தான் பயன்பட்டுச்சு. அஸ்வினுக்கு முயற்சி பண்ணுவோம்னு ஏலத்துக்கு முன்னாடி தோனியே வெளிப்படையா சொல்லியிருந்தார். 7.6 கோடிக்குப் பஞ்சாப் போயிட்டார், கேப்டனா.

அப்ப கேள்வி இதுதான்: 7 கோடிக்கு ஜடேஜாவா, அதே காசுக்கு அஸ்வினா? மச்சான் கண்ணை மூடிக்கிட்டு அஸ்வின்னு சொன்னான். நான் ஜடேஜான்னு சொல்வேன். ஃபீல்டிங், பேட்டிங் ரெண்டையும் சேர்த்தா கணக்கு அந்தப் பக்கம்தான் சாயுது, 2023 கடைசி ரெண்டு பந்தை வேற தனியா சேர்க்கணும். இதைச் சொன்னதுக்கு எனக்கு ஒரு மணி நேரம் வடை கிடைக்கலை.

நடராஜனை இந்தப் பட்டியல்ல சேர்க்காதீங்க, பாதிப் பேரு சேர்க்கறாங்க. சின்னப்பம்பட்டிலேர்ந்து வந்து 2016 டிஎன்பிஎல்ல யார்க்கரா போட்டுத் தள்ளி, 2017 ஏலத்துல 10 லட்சம் அடிப்படை விலையிலேர்ந்து 3 கோடிக்குப் பஞ்சாப் போனார். அந்த வருஷம் சிஎஸ்கேன்னு ஒரு டீமே இல்லை. தடையில இருந்தாங்க. 2018ல ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தப்போ விட்டதுக்கு வேணா கேளுங்க. வருண் சக்ரவர்த்தி கொஞ்சம் வலிக்கும், 2018ல நம்ம வலைப்பயிற்சியில வந்து பந்து போட்டவர் அவர். 2024ல சேப்பாக்கத்துல நடந்த ஃபைனல்ல கொல்கத்தா சட்டையில கோப்பையைத் தூக்கினார்.

இப்ப கதையோட வேருக்குப் போவோம். 2008 பிப்ரவரி 20. முதல் ஏலம். தினேஷ் கார்த்திக் சென்னைப் பையன், தமிழ்நாட்டுலேர்ந்து அப்ப இந்தியாவுக்கு ஆடிக்கிட்டிருந்த பெரிய பேர். சென்னை தன்னைத்தான் எடுக்கும்னு அவர் நினைச்சுக்கிட்டிருந்ததா பின்னாடி அவரே பேட்டியில சொல்லியிருக்கார். சென்னை எடுத்தது தோனியை, 15 லட்சம் டாலர். கார்த்திக் டெல்லி போனார், அதையும் சேர்த்து மொத்தம் ஆறு டீம்ல ஆடினார், 2024ல ஓய்வு வரைக்கும் ஒரு தடவைகூட மஞ்சள் சட்டை போடலை.

அந்தத் தோனி கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சில டீமுக்கு ஐகான் ப்ளேயர்னு ஒரு உள்ளூர் நட்சத்திரம். மும்பைக்கு சச்சின், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு டிராவிட். ஐகானுக்கு, அந்த டீம்ல அதிக விலைக்குப் போன ஆளைவிட 15 சதவீதம் கூடக் கொடுக்கணும். மொத்தப் பை 50 லட்சம் டாலர். மும்பை தோனியை 15 லட்சத்துக்கு வாங்கினா சச்சினுக்கு 17.25 லட்சம், ரெண்டு பேருக்கே 32 லட்சத்தைத் தாண்டிடும். மிச்சம் 17 லட்சத்துல டீம் கட்ட முடியுமா? நிறுத்திட்டாங்க. சென்னைக்கு ஐகான் கிடையாது. அந்த இடம் காலியா இருந்ததாலதான் தோனி வந்தார். நமக்குன்னு ஒரு உள்ளூர் ஐகான் இருந்திருந்தா தோனி மும்பைக்காரரா ஆகியிருப்பார்னு சொன்னேன். மச்சான் மூஞ்சைப் பார்க்கணுமே.

ஆனா 2008ல இன்னொரு விதியும் இருந்துச்சு, இதுதான் என் கணக்குல இந்தச் சண்டையோட மூலம். ஒவ்வொரு டீமும் தன்னோட வட்டாரத்துலேர்ந்து குறைஞ்சது நாலு பேரை வச்சிருக்கணும். அதோட, இந்தியாவுக்கு ஆடாத உள்ளூர்ப் பசங்க 2013 வரைக்கும் ஏலத்துக்கே வர மாட்டாங்க. டீம் நேரடியாப் பேசி, நிர்ணயிச்ச சம்பளத்துக்கு ஒப்பந்தம் போடும். அப்ப சென்னையில உக்காந்திருந்த டீம் யாரைக் கூப்பிடும்? பக்கத்துல இருக்கறவனைத்தான். பத்ரிநாத், முரளி விஜய், அஸ்வின், அனிருத்தா எல்லாம் அப்படி உள்ள வந்தவங்க. 2011 ஃபைனல், சேப்பாக்கம். முரளி விஜய் 52 பந்துல 95, முதல் ஓவர்லயே கெய்லை டக்குக்கு அனுப்பினது அஸ்வின். சென்னை டீமுக்குச் சென்னையில கோப்பை வாங்கிக் கொடுத்தது சென்னைப் பசங்க.

2014லேர்ந்து எல்லாரும் ஏலத்துக்குப் போயாச்சு. அன்னிலேர்ந்து மயிலாப்பூர்ப் பையனும் ஜாம்நகர்ப் பையனும் சென்னை மேசைக்கு ஒரே தூரம். 2021 கோப்பை ஜெயிச்ச பதினொண்ணுலயும் தமிழ்நாட்டு ஆள் இல்லை, 2023லயும் இல்லை. யாரோ ஒருத்தர் உக்காந்து தமிழனை வேண்டாம்னு முடிவு பண்ணாங்கன்னு நான் நம்பலை. விதி மாறுச்சு, வீட்டு வாசல்ல நிக்கறவனை எடுக்க இருந்த காரணம் போயிடுச்சு.

2023 ஏப்ரல்ல தருமபுரி பாமக எம்.எல்.ஏ. வெங்கடேஸ்வரன் சட்டசபையிலயே எழுந்து கேட்டாரே, தமிழ்நாட்டு வீரர் இல்லாத சென்னை அணியைத் தடை பண்ணணும்னு. மீம் போட்டுச் சிரிச்சோம். அடுத்த மாசம் கோப்பை வந்துச்சு, மறந்தோம். தடைங்கறது அதிகம்தான். ஆனா கேள்வியே தப்புன்னு என்னால சொல்ல முடியலை.

அப்புறம் 2024 நவம்பர்ல, ஜெட்டாவுல நடந்த ஏலத்துல, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற மாதிரியே வாங்கினாங்க. அஸ்வின் 9.75 கோடி, விஜய் சங்கர் 1.2 கோடி, ஆந்த்ரே சித்தார்த் 30 லட்சம். அந்த வருஷம்தான் கடைசி இடம். அஸ்வின் ஆகஸ்ட்ல ஐபிஎல்லுக்கு முழுக்குப் போட்டார், மத்த ரெண்டு பேரையும் நவம்பர்ல விட்டுட்டாங்க. இதைச் சொன்னா மச்சான், "38 வயசுல கூட்டிட்டு வந்தா? 2018ல கூப்பிட்டிருக்கணும்"ங்கறான். அதுவும் நியாயம்தான்.

ஆங், ஒருத்தரை மறந்துடுவோம் எல்லாரும். குர்ஜப்னீத் சிங். அதே ஏலத்துல 2.2 கோடிக்கு வாங்கின இடதுகை வேகம். பேரைக் கேட்டதும் பஞ்சாப்னு நினைப்போம். ரஞ்சி ஆடறது தமிழ்நாட்டுக்கு. 2025ல காயம் பட்டுப் போனார், அவர் இடத்துலதான் டெவால்ட் பிரேவிஸ் வந்தார், இந்த வருஷத்துக்கும் தக்க வச்சிருக்காங்க. அவர் "நம்ம பையன்" கணக்குல வருவாரா வர மாட்டாரான்னு நான் கேட்டேன். வீடு ரெண்டாச்சு.

இந்த இடத்துலதான் சித்தப்பா எழுந்து தறிகிட்ட போனார். பாதி நெய்ஞ்ச சேலை தறியில இருந்துச்சு, மேல வேட்டி போட்டு மூடியிருந்தாங்க. அதை விலக்கினார்.

"இது இன்னா சேலை?"

"ஆரணிப் பட்டு."

"நூல் எங்கேர்ந்து வருது?"

கச்சாப் பட்டு கர்நாடகாவுலேர்ந்து வருது. ஜரிகை சூரத்துலேர்ந்து வருது. அது எங்க எல்லாருக்கும் தெரியும்.

"அப்ப இது கர்நாடகா சேலையா, குஜராத் சேலையா? நூலு எங்க வேணா பொறக்கட்டும்டா. இந்தக் குழியில உக்காந்து எவன் மிதிக்கறானோ அவன் ஊர் பேருதான் சேலைக்கு. புவிசார் குறியீடு ஆரணிக்குத்தானே குடுத்துகினாங்க? ஜடேஜா சூரத்து ஜரிகைன்னு வச்சிக்கோ. பதிமூணு வருஷமா நம்ம தறியில ஓடுன ஜரிகை. அதை உருவிக் குடுத்துட்டானுங்களேன்னு எனக்கு வருத்தம். நீ இன்னாடான்னா அவன் எந்த ஊருன்னு பேசிகினு இருக்கற."

நான் கைதட்டிட்டேன். உண்மையிலேயே. ஒரு பேனல் டிஸ்கஷன்ல இவ்வளவு சுத்தமான பாயின்ட் நான் கேட்டதில்லை.

மச்சான் விடலை. "சரி மாமா. நூல் எங்கேர்ந்து வேணா வரட்டும். நெய்யற கை நம்ம கை. அதனாலதான் ஆரணிப் பட்டு. சிஎஸ்கேல நெய்யற கை எது? கோச்சு ஃபிளெமிங், நியூசிலாந்து. கேப்டன் மகாராஷ்டிரா. பேட்டு எவனுது, முந்தி எவனுது? நம்மளுது எது?"

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "விசில் நம்மளுது"ன்னார்.

எல்லாரும் சிரிச்சோம். ஆனா எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிக்கலை. ஏன்னா ஆரணிச் சேலையில இன்னொரு பக்கம் இருக்கு, அது சித்தப்பாவுக்கும் தெரியும். இங்க நெய்ஞ்ச சேலை பெரிய ஊர்க் கடையில வேற ஊர் பேர்ல தொங்கறதை நாங்க பார்த்திருக்கோம். நெய்ஞ்சவனுக்குக் கூலி, பேரு வேறவனுக்கு. சாய் சுதர்சன் குஜராத்துக்கு 96 அடிச்சப்போ எனக்கு வந்த உணர்வு எதுன்னு அன்னிக்கு சரியாச் சொல்ல வரலை. பொறாமை மாதிரி இருந்துச்சு, பெருமை மாதிரியும் இருந்துச்சு. சேலையைக் கடையில பார்க்கற மாதிரின்னு இப்ப தோணுது.

இதையெல்லாம் ஒரு ஓரமா உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தது சித்தப்பா பையன். தம்பி. பதினோராவது படிக்கறான். இடதுகை சுழல், எங்க பள்ளிக்கூட மைதானத்துல டென்னிஸ் பால்ல. டென்னிஸ் பால் சுழலாதுன்னு சொல்வீங்க, இவன் போட்டா லேசாத் திரும்பும், நானே ரெண்டு தடவை போல்ட் ஆகியிருக்கேன். லெதர் பால்ல அவன் ஒழுங்கா ஆடினது விரல் விட்டு எண்ணிடலாம். மேட் விரிச்ச பிட்ச்சுக்கே ஊரை விட்டுப் போகணும்.

அவன் கேட்ட கேள்வி வேற. "அண்ணா, யாரு எடுக்கணும்னு சண்டை போடறீங்க. எடுக்கறவங்க கண்ணுல படறதுக்கு எங்க நிக்கணும்?"

பதில் எனக்குத் தெரியும், அதான் கஷ்டம். சென்னையில நிக்கணும். டிஎன்சிஏ லீக்ல கீழ் டிவிஷன் கிளப் ஒண்ணுல இடம் பிடிச்சு, அங்கேர்ந்து ஒவ்வொரு டிவிஷனா ஏறணும். நடராஜனே நாலாவது டிவிஷன்லதான் ஆரம்பிச்சார், சேலத்துலேர்ந்து கூட்டிட்டு வந்து கையைப் பிடிச்சு ஏத்தி விட ஒரு அண்ணன் இருந்தார் அவருக்கு. சாய் சுதர்சனுக்கு வீட்டுலயே ரெண்டு விளையாட்டு வீரர்கள். பெரணமல்லூருக்கும் சேப்பாக்கத்துக்கும் நடுவுல பஸ்ஸுல நாலு மணி நேரம். வாசல்ல நிக்கற பையன்னு மச்சான் சொன்னானே, அந்த வாசலுக்கு வர்றதுக்கே இவனுக்கு ஒரு நாள் போயிடும்.

சித்தப்பா ஒண்ணும் சொல்லலை. இவன் தறியில உக்காரணும்னு அவருக்கு ஆசை கிடையாது. அந்தக் கூலியில யாரும் அடுத்த தலைமுறையை உக்கார வைக்க விரும்பறதில்லை. கிரிக்கெட்டுக்கு அனுப்பணும்னும் ஆசை இல்லை. பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ, என்னை மாதிரி. "உங்க அண்ணனைக் கேளு"ன்னு சொல்லிட்டு வேட்டியை எடுத்துத் தறி மேல போட்டு மூடினார்.

பரீட்சை முடிஞ்சதும் ஏப்ரல் கடைசியில தம்பி என் ரூமுக்கு வரான். ரெண்டு மாசம் இருப்பான். மேடவாக்கம் பக்கம் வலைப்பயிற்சிக்கு இடம் பார்த்துக்கிட்டிருக்கேன். லெதர் பால் கையில பழகணும், முதல்ல அதான்.

கேக்கறவங்கள்ல சென்னை லீக்ல நாலாவது, அஞ்சாவது டிவிஷன் ஆடறவங்க கண்டிப்பா இருப்பீங்க, போன கிரிக்கெட் எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்லயே ரெண்டு பேர் சொன்னீங்க. வெளியூர்ப் பையனை உங்க கிளப்புல எப்படிச் சேர்க்கறாங்க, எந்த மாசம் ஆள் எடுக்கறாங்க, யார்கிட்ட போய் நிக்கணும், இதை மட்டும் அனுப்புங்க. அஸ்வினா ஜடேஜாவான்னு அனுப்பறவங்களும் அனுப்பலாம், அதை மச்சானுக்கு ஃபார்வர்ட் பண்ணிடறேன்.